ஊரே வாயை மூடிக்கொண்ட வருஷம்

கண்ணு,

நீ ஏறிப்போன பஸ்ஸின் புழுதி அடங்குவதற்குள் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டாளே என்று நினைப்பாய். நேரில் சொல்லியிருக்கலாம்தான். நேற்று மத்தியானம் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே உன் புதுப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாயே, "முகையூர் பக்கத்துப் பசங்களுக்கு மூளையே கெடையாதுப்பா. எட்டாவதுல போன வருஷம் ஒருத்தன்கூட பாஸ் இல்ல. பெத்தவங்களுக்கும் அக்கறை இல்ல" என்று, அப்போதே எனக்கு வாய் வரைக்கும் வந்தது. ரசக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அடக்கிக்கொண்டேன். வாத்தியார் வேலைக்குச் சேர்ந்து ஒரு பருவம்கூட முடியவில்லை, அதற்குள் ஓர் ஊருக்கே மூளை இருக்கிறதா இல்லையா என்று திறந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறாய். சமர்த்துதான், போ. நேரில் சொல்லாததற்குக் காரணம் உன் அப்பா. நான் சொல்லவேண்டியதில் பாதி அவரைப் பற்றியது. அவர் எதிரில் ஆரம்பித்தால், "அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கு?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். அதனால் அவர் மல்லாட்டைக் கொல்லைக்குக் கடலை பிடுங்கப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன்.

எனக்குக் கேள்வி கேட்கும் வியாதி உண்டு என்பது உனக்குத் தெரியும். விழுப்புரத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எந்த வண்டி வந்தாலும் இது எங்கே போகிறது, அங்கே போய் என்ன செய்யும், இதே பெட்டிதான் திரும்பி வருமா என்று போர்ட்டர்களைக் கேட்டுக் கேட்டு, என்னைக் கண்டாலே அவர்கள் வேறு பிளாட்பாரத்துக்குப் போய்விடுவார்கள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தினார்கள். வியாதியை யாராலும் நிறுத்த முடியவில்லை. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், "இந்த ஏரிக்கு ஏன் ரெண்டு மடை? கீழ்மடை ஊர்க்காரங்களோட ஏன் பேச்சு இல்ல?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. அந்த வியாதிதான் ஒரு சமயம் உனக்கு உதவியது. நீயும் எட்டாவதில் ஒருமுறை ஃபெயிலானவன். அதை நீ மறந்துவிட்டாய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்போது நடந்ததை நீ உள்ளே உட்கார்ந்திருந்தவன் பார்த்த அளவுக்குத்தான் பார்த்திருக்கிறாய். வெளியே நின்றவள் பார்த்ததை இப்போது சொல்கிறேன்.

நீ எட்டாவது வந்த வருஷம், ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்களே தங்கள் பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதைச் செய்து கொடுக்கவேண்டும் என்று அதிகாரிகள் வந்து பேசினார்கள். நம் ஊர் விடுமா? மல்லாட்டை நல்ல விலைக்குப் போன வருஷம் வேறு. சுவருக்குச் சுண்ணாம்பு, தண்ணீர் வைக்க அண்டா, பெரிய கடிகாரம், எட்டாவது பிள்ளைகளுக்குப் புது பெஞ்சு, டெஸ்க்கு எல்லாவற்றையும் மேளம் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோய் இறக்கினார்கள். இறக்கிய பிறகு நம்மவர்களுக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. புது மரமாயிற்றே, பிள்ளைகள் மையைக் கொட்டிவிட்டால்? சாக்குப் போட்டு மூடிச் சுவரோரம் அடுக்கினார்கள். அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் சாக்கை எடுப்பார்கள். மற்ற நாளெல்லாம் நீங்கள் தரையில் உட்கார்ந்து தொடைமேல் வைத்து எழுதினீர்கள். சாவி கொடுத்தால் தேய்ந்துபோகும் என்று கடிகாரத்தையும் ஓடவிடாமல் வைத்திருந்தார்கள். சிரிக்காதே. இதை அக்கறை இல்லாதவர்கள் செய்த காரியம் என்று சொல்லுவாயா? அக்கறை அளவுக்கு மீறிப்போனவர்கள் செய்த காரியம்.

எட்டாவதுக்கு அப்போது சர்க்கார் பரீட்சை, அதுவும் திண்டிவனத்தில். அன்றைக்கு நாங்கள் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாரியம்மனுக்குக் கற்பூரம் காட்டி, ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கையில் கொடுத்து, வண்டிகளைப் பூட்டிக்கொண்டு ஊரே உங்களோடு கிளம்பியது. வழியெல்லாம் புத்திமதி. ஒருவர் "நிதானமா எழுது" என்பார், அடுத்தவர் "ஜல்தியா எழுதுடா" என்பார். பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி, சர்க்கரைப் பொங்கலையும் தயிர்ச்சோற்றையும் உங்கள் வாயில் திணித்தோம். நானும்தான் திணித்தேன். நீங்கள் உள்ளே போகும்போது பெண்கள் எல்லோரும் அழுதோம். எதற்கு அழுதோம் என்று எங்களுக்கே தெரியாது. அழுகிற தாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போன பிள்ளைகள் உள்ளே போய் என்ன எழுதும்? பாதிப் பேருக்கு நடுக்கம், மீதிப் பேருக்கு உண்ட மயக்கம். வைகாசியில் ரிசல்ட் வந்தது. நம் ஊரில் பாஸ் செய்தது ஒரே ஒரு பெண், தயிர்க்கார அம்மாவின் மகள் கஸ்தூரி. மற்ற எல்லோரும் ஃபெயில்.

மறுநாளே உன் அப்பா திண்டிவனம் போய் மல்லாட்டை மில்லில் உனக்கு வேலை பேசிவிட்டு வந்தார். கடலைத் தோல் உடைக்கும் அந்த மில்லில் தூசியில் நின்று, சாயங்காலம் இருமிக்கொண்டே வீடு திரும்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உனக்கு அப்போது மீசைகூட அரும்பவில்லை.

"படிப்பு வர்லன்னா வர்லை. கையில ஒரு தொழிலாவது இருக்கட்டும்" என்றார்.

"ஏன் வர்லைன்னு அவனைக் கேட்டீங்களா?" என்றேன்.

"அதான் ஃபெயிலுன்னு போட்டுட்டானே. அப்புறம் கேக்கறதுக்கு இன்னா இருக்குது?"

நான் விடவில்லை. சாப்பாடு போடும்போது கேட்டேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது கேட்டேன். கடைசியில் பேஜாரு தாங்காமல் அவரே இறங்கி வந்தார். "அடுத்த ஆனி வரைக்கும்தான். மில்லுக்காரர்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். இன்னொரு தபா ஃபெயிலானான்னா அன்னைக்கே மில்லுக்குப் போறான். நீ குறுக்க வந்து நிக்கக்கூடாது" என்றார். உன் அப்பா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்பது இந்த வட்டாரத்துக்கே தெரியும். எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வருஷம்தான். உன்னை மறுபடி எட்டாவதில் உட்கார வைத்தேன்.

"ஏண்டா ஃபெயிலானே?" என்று ஊரே உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேள்வி இல்லை, அடி. நான் கேட்டது வேறு. நாம் இரண்டு பேரும் கேழ்வரகு நாற்று பிடுங்கிக்கொண்டிருந்தோம். "உள்ள போனியே, மொதல்ல உனக்கு இன்னாடா தோணிச்சு?" என்று கேட்டேன். பரீட்சையைப் பற்றி உன்னை யாரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். கையிலிருந்த நாற்றின் வேரில் ஒட்டிய சேற்றை உதறினாய்.

"சத்தமே இல்லம்மா" என்றாய்.

"சத்தம் இல்லன்னா?"

"ஒருத்தரும் பேசல. சூப்பர்வைசர் ஷூ போட்டுக்கினு நடக்கறது மட்டும் கேக்குது. என் பின்னாடி வந்து நின்னுட்டாரு. நான் கணக்கை வாய்விட்டுச் சொல்லிப் பாத்தேன். பேசாதேன்னு அதட்டினாரு. வாயை மூடினதும் எல்லாம் பூடுச்சும்மா. ஒண்ணுகூட ஞாபகம் வர்ல."

சொல்லிவிட்டு அழுதாய். அழுகிற பிள்ளையைப் பார்த்து எந்தத் தாய்க்காவது சந்தோஷம் வருமா? எனக்கு வந்தது. என்னவோ ஒன்று கைக்குத் தட்டுப்பட்டுவிட்டது என்ற சந்தோஷம். அன்றைக்குச் சாயங்காலமே மற்றப் பையன்களையும் ஒவ்வொருவனாகப் பிடித்துக் கேட்டேன். ஒருவன், டெஸ்க்கு உயரமாக இருந்ததால் கை வலித்தது என்றான். இன்னொருவன், மணி அடித்தால் பேப்பரைப் பிடுங்கிவிடுவார்கள் என்று சொன்னதால் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். ஆனால் எல்லோரும் கடைசியில் அந்தச் சத்தமில்லாத இடத்துக்குத்தான் வந்து நின்றார்கள். பாடம் தெரியாது என்று ஒருவனும் சொல்லவில்லை.

அப்படியானால் கஸ்தூரி எப்படிப் பாஸ் செய்தாள்? அவள் வகுப்பில் நடுத்தரம்தான். உன்னைவிடப் பின்னால் இருந்தவள். லீவு நாளில் தாயோடு திண்டிவனத்துக்குத் தயிர்க் கூடை தூக்கிப் போகிற பெண். அவளைத் தேடிப்போய்க் கேட்டேன். "எனக்கு அது பழக்கந்தான் அத்தே" என்றாள். "இன்னாடி பழக்கம்?" என்றேன். "தயிர் ஊத்தப் போற ஊட்ல எல்லாம் யாரும் நம்மளாண்ட பேசமாட்டாங்க. செம்பை நீட்டுவாங்க. ஊத்திட்டு, அவங்க பாத்துக்கினே இருப்பாங்க, நாம வாயைத் தொறக்காம நிக்கணும். அந்த மாரிதான் இருந்துச்சு. நான் பாட்டுக்கு எழுதிட்டேன்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது அவள் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பார்க்கும்போதெல்லாம், "இன்னும் கேள்வி கேட்டுக்கினுதான் இருக்கீங்களா அத்தே?" என்று சிரிக்கிறாள்.

அடுத்தபடியாகப் பெரிய வாத்தியாரிடம் போனேன். தங்கமான மனுஷர், சைக்கிளில் வந்துபோவார். "ஏன் சார், நம்ம பள்ளிக்கூடத்துல ஏன் எப்பவும் இவ்ளோ சத்தம்?" என்று கேட்டேன். நீளமான ஒரே கொட்டகை, வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் ஓலைத் தட்டி, ஒரு பக்கம் வாய்ப்பாடு, ஒரு பக்கம் செய்யுள், இன்னொரு பக்கம் அசோகர் மரம் நட்டது. ஏரிக்கரை வரைக்கும் கேட்கும். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்களே கேக்கறீங்களேம்மா. கொல்லையில வேலை செய்யற உங்க ஜனங்க காதை இங்கதான் வெச்சிருக்காங்க. கொஞ்ச நேரம் சத்தம் நின்னா, வாத்தியாரு தூங்கறாருன்னு யாராவது ஒருத்தர் வந்து எட்டிப் பாக்கறாங்க. அடிக்கடி வர்றதே உங்க ஊட்டுக்காரருதான். எழுதச் சொல்லி உக்கார வெச்சா சத்தம் வருமா? அதான் ஒப்பிக்க வெச்சிக்கினே இருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிள்ளைகள் படிக்கிறார்களா என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டு காவல் காத்தது. அந்தக் காவலால்தான் ஒரு பிள்ளைக்கும் வாயை மூடிக்கொண்டு யோசிக்கத் தெரியாமல் போயிருக்கிறது.

ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னேன். பொம்பளை பேசுகிறாளே என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் எல்லார் வீட்டிலும் ஃபெயிலான பிள்ளை இருந்ததால் எழுந்து போகவில்லை. "கூத்துக்கு ஒத்திகை பாக்கறோம். பரீட்சைக்கும் பாத்தா இன்னா? அதே மாரி பெஞ்சு, அதே மாரி மணி, அதே மாரி அமைதி. மாசத்துக்கு ஒரு தபா" என்றேன். உன் அப்பாவே முதலில் கேலி செய்தார். "பரீட்சையில இன்னா வேஷம் கட்டுவாங்க?" என்றார். கூட்டம் சிரித்தது. பெரிய வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. அவர்தான் நாள் குறித்தார். அமாவாசையன்று யாரும் ஏர் பூட்டமாட்டார்கள், மாடுகளுக்கும் ஓய்வு, ஊரும் சும்மா இருக்கும், அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்றார். எல்லாம் சரி, பின்னால் வந்து நின்று முறைக்கும் சூப்பர்வைசருக்கு எங்கே போவது? நம் ஊர்க்காரர் நின்றால் பிள்ளைகள் "மாமா" என்று பல்லைக் காட்டும்.

நம்மை முறைப்பதற்கென்றே ஏரிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர் இருப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு கோடையில் எந்த மடையை முதலில் திறப்பது என்று மண்வெட்டிப் பிடியோடு கிளம்பிய சண்டை, அன்றிலிருந்து கீழ்மடை ஊர்க்காரர்கள் நம் முகத்தில் விழிப்பதில்லை. அவர்களில் பெரிய தலை தாண்டவராயன். உன் அப்பாவும் அவரும் எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் ஏரியைப் பார்ப்பார்கள். ஆண்கள் பேசினால் காரியம் நடக்காது என்று, திண்டிவனம் சந்தையில் தாண்டவராயன் வீட்டம்மாவைப் பார்த்து நானே பேச்சுக் கொடுத்தேன்.

"உங்க பையன் இன்னா ஆனான்க்கா?"

"ஃபெயிலு. உங்களுது?"

"அதேதான். எங்க பசங்க பின்னாடி நின்னு முறைக்க ஆளு வேணும்க்கா. எங்க ஊர்ல ஒருத்தருக்கும் வர்ல. பெத்த புள்ளைங்களைப் பாத்து எப்டி முறைக்கறது?" என்று விஷயத்தைச் சொன்னேன்.

அந்த அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "எங்க ஊட்டுக்காரரை அனுப்பறேன். அவரு முறைச்சா பாலு திரிஞ்சு பூடும். பதிலுக்கு உங்க ஊட்டுக்காரரு வந்து எங்க பசங்களை முறைக்கணும், ஆமா" என்றாள். அங்கேயே முடிவாகிவிட்டது. இரண்டு ஆண்களையும் நாங்கள் எப்படிச் சம்மதிக்க வைத்தோம் என்பதை நீ கல்யாணம் செய்துகொண்ட பிறகு தெரிந்துகொள்.

முதல் அமாவாசையை என்னால் மறக்க முடியாது. பெஞ்சுகளின் சாக்கை எடுக்க ஒரு சண்டை. கடிகாரத்துக்கு நானே ஸ்டூல்மேல் ஏறிச் சாவி கொடுத்தேன். பட்டாளத்திலிருந்து வந்த மச்சானின் பூட்ஸைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு தாண்டவராயன் வந்தார். நம் ஊரிலோ, அமைதி என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டார்கள். மாடுகளின் கழுத்து மணியை அவிழ்த்தார்கள். கிணற்று ராட்டினத்தில் யாரும் தண்ணீர் இழுக்கவில்லை. பஞ்சாயத்து ரேடியோவை மூடினார்கள். கைக்குழந்தைக்காரிகள் ஏரிக்கரைக்குப் போய்விட்டார்கள். இருமல்காரர் ஒருவர் யாரும் சொல்லாமலே எழுந்து கொல்லைப் பக்கம் போனார். அடுப்படியில் பாத்திரம் உருட்டிய மருமகளை மாமியார் சைகையிலேயே திட்டினாள், அது ஒரு பெரிய அதிசயம். பிறகு சத்தம் அடங்கியது. அப்படி அடங்கி நம் ஊரை நான் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரத்தில் உன் அப்பா வேகமாக வந்தார். சத்தம் நின்றால் எட்டிப் பார்க்கும் பழைய பழக்கம், காலே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. ஜன்னலோரம் வந்ததும் என்னைக் கண்டு நின்றார். அப்போதுதான் அது கேட்டது. உள்ளேயிருந்து, அத்தனை பேனா முள்ளும் தாளில் ஓடுகிற சத்தம், பட்டுப்புழு இலை தின்கிற மாதிரி. "இன்னாம்மே அது?" என்று காதோரம் கேட்டார். "எழுதறாங்க" என்றேன். மணி அடிக்கிற வரைக்கும் அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மண்வெட்டியும் ஏருமே பிடித்த மனுஷர், தன் பிள்ளை எழுதுவதைக் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தில் அன்றைக்கு நான் பார்த்தது ஆச்சரியம்தான், கண்ணு.

அந்த முதல் ஒத்திகையில் நீங்கள் யாரும் உருப்படியாக எழுதவில்லை என்பது வேறு விஷயம். பூட்ஸ் சத்தம் பின்னால் வந்து நின்றதும் உன் கை நின்றுவிட்டது. ஒருவன் மயக்கம் போட்டான். இன்னொருவன் தாண்டவராயன் மீசையைப் பார்த்துச் சிரித்துவிட்டு அப்புறம் அழுதான். விடவில்லை. அமாவாசைக்கு அமாவாசை நடந்தது. நம்மவர்கள் போய் அந்த ஊர்ப் பிள்ளைகளை முறைத்தார்கள். உன் அப்பா முதல் நாள் போய்விட்டு வந்து, "பசங்க நல்லாதான் எழுதறானுங்க" என்றார், என்னவோ எதிரி நாட்டிலிருந்து சேதி கொண்டுவந்த மாதிரி. தை மாதத்துக்குள் நீ பின்னால் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாய். தாண்டவராயனும் பாவம், உள்ளே முறைத்த முறைப்புக்கு ஈடாக மடியில் வெல்லம் கட்டிக்கொண்டு வந்து, மணி அடித்ததும் எல்லாருக்கும் உடைத்துக் கொடுப்பார். தண்ணீர்ச் சண்டை தீர்ந்ததா என்று கேட்காதே. மாசியிலேயே மடைமேல் நின்று உன் அப்பாவோடு வாய்ச்சண்டை போட்டார். அடுத்த அமாவாசைக்குப் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நேரத்துக்கு வந்து நின்றார்.

நான் இதையெல்லாம் சொல்வது, நீயும் அங்கே போய் பூட்ஸ்காரர் ஒருவரைத் தேடு என்பதற்காக இல்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இடறுகிற கல் வேறாக இருக்கும். எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. பரீட்சைக்கு அவர்கள் எந்த ஊருக்குப் போகிறார்கள்? எப்படிப் போகிறார்கள்? பெண்ணையாற்றில் தண்ணீர் வந்தால் என்ன செய்கிறார்கள்? பங்குனியில் அங்கே கரும்பு வெட்டா, நெல் அறுப்பா? அந்த நாளில் பிள்ளைகள் கையில் பேனா இருக்கிறதா, அரிவாள் இருக்கிறதா? தாய்மார்கள் பரீட்சை என்றால் என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்? அந்த ஊரில் பாஸ் செய்த ஒரே ஒரு பிள்ளையாவது என்றைக்காவது இருந்திருக்கும், அது எங்கே? போய்க் கேள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்காதே, அவர்களோடு களத்தில் நின்று கேள். கேட்டுவிட்டு எனக்கும் எழுது, இங்கே எனக்குப் பொழுது போகவேண்டாமா?

இனி உனக்குத் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் பரீட்சைக்கு உங்களோடு ஒருவரும் வரக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். வண்டி வேண்டாம், பொங்கல் வேண்டாம், வாசலில் நின்று அழுவது கூடவே கூடாது. அன்றைக்குக் காலையில் மற்ற நாள் மாதிரியே கூழ் குடித்துவிட்டு, கீழ்மடைப் பிள்ளைகளும் நீங்களுமாக பஸ் ஏறிப் போனீர்கள். நான் கையைக்கூட ஆட்டவில்லை. உன் அப்பா மடையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வீட்டில் நான் மட்டும். முறத்தை எடுத்தேன், வைத்தேன். அடுப்பை மூட்டினேன், அணைத்தேன். மூன்றாம் வீட்டில் மல்லாட்டை உரிக்கப் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, ரோட்டுக்கு ஓடி அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

திண்டிவனத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே வரிசையாகப் புளியமரங்கள் இருந்தன. உன் கண்ணில் படாத மாதிரி ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நிற்கலாம் என்று போனால், அங்கே ஏற்கெனவே ஓர் ஆள். முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, உன் அப்பா. "மடையைப் பாக்கப் போறேன்னீங்க?" என்று நான் கேட்கவுமில்லை, அவர் என்னைக் கேட்கவுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் விரலால் காட்டினார். அடுத்த மரத்துக்குப் பின்னால் ஒரு சேலைத் தலைப்பு, நம் ஊர்க்காரிதான். அதற்கடுத்து இரண்டு பேர். டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தாண்டவராயன், பக்கத்தில் அவர் வீட்டம்மா. சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்கிற மாதிரி குந்திக்கொண்டிருந்தது நம் பெரிய வாத்தியாரேதான். வரமாட்டோம் என்று ஒப்புக்கொண்ட இரண்டு ஊரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. ஒருவருக்கொருவர் கண்ணில் பட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. பரீட்சை முடிகிற வரைக்கும் அந்த ரோட்டில் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு தும்மல்கூட வரவில்லை.

முடிகிற மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், நீங்கள் வந்து பார்த்துவிடப் போகிறீர்களே என்று எல்லோருமாகக் குனிந்து ஓடினோம். தாண்டவராயன் தன் வண்டியை அரிசி மில்லுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். அவர் வண்டியில் நம் ஊர்க்காரர்கள் ஏறியது அன்றைக்குத்தான். நானும் உன் அப்பாவும் கடைசியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். திண்டிவனம் எல்லை தாண்டிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"வர்ற வழியில மில்லுக்குப் போயிட்டு வந்தேன்" என்றார்.

"இன்னாத்துக்கு?" என்றேன்.

"பையனை அனுப்பமாட்டேன்னு சொல்லிட்டேன்."

"ரிசல்ட்டு வர இன்னும் எவ்ளோ நாள் கெடக்குது. பாஸ் ஆவலன்னா?"

"ஆவலன்னாலுந்தான். அவன் எழுதட்டும்" என்றார். அவ்வளவுதான்.

உங்களுக்குப் பஸ் சாயங்காலம்தான். அது வருவதற்குள் நாங்கள் வீட்டுக்கு வந்து, அவர் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டும் நான் முறத்தோடும் இருந்தோம். "இன்னாடா, எப்டி எழுதின?" என்று ஒன்றுமே தெரியாதவர் மாதிரி கேட்டார். நீ "நல்லா எழுதினேன்பா" என்றாய். தலையை ஆட்டிவிட்டுத் தொழுவத்துக்குப் போனார். அந்த வருஷம் இரண்டு ஊரிலும் எழுதினவர்களில் ஒன்றிரண்டு பேர் தவிர எல்லோரும் பாஸ். வைகாசியில் ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு நீ மூச்சிரைக்க ஓடிவந்து அவரிடம் சொன்னபோது, "சரி, போய் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் கலப்பையைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குச் சந்தோஷமே இல்லையே என்று அன்றைக்கு நீ என் மடியில் படுத்து அழுதாய். இத்தனை வருஷமும் அது உன் மனசில் இருக்கிறது, எனக்குத் தெரியும். அவருக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை, கண்ணு. நீ பாஸா ஃபெயிலா என்று கேட்பதை அவர் அதற்கு முன்பே விட்டுவிட்டார்.

அவர் கொல்லையிலிருந்து வருகிற சத்தம் கேட்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன்.

அம்மா